பின்னாலே வருகிற நாலு பேர்

சமையலுக்கு ஆள் எடுக்கும் வேலையில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். ஆயுள் முழுக்க நான் செய்தது அந்த ஒரு வேலைதான். கல்யாணம், திருவிழா, ஓட்டல், சத்திரம் என்று எங்கே அடுப்பு எரிந்தாலும் அதற்கு ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆகவே என் அனுபவத்தில் சந்தேகம் வேண்டாம். புத்தியில் வேண்டுமானால் சந்தேகப்பட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் ஆளை உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறீர்கள். நானும் ஆரம்பத்தில் பேச்சைக் கேட்டு ஆள் எடுத்தவன்தான். பாதுஷா செய்வதைப் பற்றி ஒருவன் பேசினான் பாருங்கள், எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. அவன் அதைச் சாப்பிட்டிருக்கிறானே தவிரச் செய்ததில்லை என்பது கல்யாணத்தன்று காலையில்தான் தெரிந்தது. பெண் வீட்டார் என்னை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு வாயைக் கேட்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்த்து எடுக்க ஆரம்பித்தேன். கரண்டி பிடிக்கிற கை பொய் சொல்லாது என்பது என் நம்பிக்கை.

அப்படிக் கையைப் பார்த்து நான் எடுத்த ஒருவனைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். இதை அதிகம் பேரிடம் சொன்னதில்லை. சொன்னால் மேஸ்திரிக்கு வயதாகிவிட்டது என்பார்கள். இப்போது உண்மையிலேயே வயதாகிவிட்டதால் சொல்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ரங்கூனில் குண்டு விழுந்து, அங்கே பிழைக்கப் போன நம் ஜனங்கள் காட்டிலும் மலையிலும் நடந்தே ஊர் திரும்பி ஒரு வருஷம் ஆகியிருக்கும். திருத்தணியில், சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில் இருந்த ஒரு சாப்பாட்டு ஓட்டலில் நான் மேஸ்திரி. பட்டணத்து வியாபாரி ஒருவர், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுவதாக வேண்டிக்கொண்டு, அந்தப் பொறுப்பை எங்கள் முதலாளியிடம் ஒப்படைத்திருந்தார். பரணியன்று அடுப்பு மூட்டினால் கடைசித் தெப்பத்தன்றுதான் அணைக்க முடியும். அரிசிக்குப் பர்மிட் வாங்கி மூட்டையும் இறக்கியாகிவிட்டது. சமைக்கத்தான் ஆள் இல்லை. அரக்கோணத்தில் பட்டாளம் முகாம் போட்டிருந்தது. கரண்டி பிடிக்கத் தெரிந்தவன், தெரியாதவன் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள்.

திருவிழாச் சமையலுக்கு அப்போதெல்லாம் ஒவ்வொரு ஆளாக எடுப்பதில்லை. செட்டாகத்தான் எடுப்போம். செட்டின் தலைவனிடம் மட்டும் பேச்சு. அவன் தன் ஆட்களின் பெயரைச் சொல்வான். சொல்லிவிட்டால் அவர்கள் நம் ஆட்கள். முகத்தைப் பார்த்தோமா இல்லையா என்பது பொருட்டில்லை. எந்த அடுப்பில் யார் நிற்பது என்பதெல்லாம் தலைவன் பாடு.

பரணிக்கு முந்தின நாள் கனகம்மாசத்திரம் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். பெயர் கன்னியப்பன். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான ஆள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முன்கையில் பழைய தீக்காயத் தழும்புகள் வரிசையாக இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

“இதுக்கு முன்னாடி எங்க இருந்தே?”

“ரங்கூன்ல, ஓட்டல்ல இருந்தேங்க. தலைமைச் சமையல்.”

“செட்டு இருக்கா?”

“ஆங். நாலு பேருங்க. முனுசாமி, ஏழுமலை, ரத்தினம், தசரதன்.”

“எங்க அவங்க?”

அவன் திரும்பித் தெருவைப் பார்த்தான். வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது.

“பின்னாடி வந்துகினு கீறாங்க” என்றான்.

நான் அவனைச் சமையல் கட்டுக்கு அழைத்துப் போய் அடுப்புகளைக் காட்டினேன். ஒன்றைப் பார்த்ததுமே, இதன் வாய் பெரிது, விறகு வீணாகும் என்று சொல்லிக் கல்லை நகர்த்தி வைத்தான். எனக்கு அது போதும். எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் நான் போவதற்கு முன்பே வந்திருந்தான், தனியாக. ஆட்கள் எங்கே என்றதற்கு முந்தின நாள் சொன்ன பதிலையே சொன்னான். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. இன்னொரு அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. காய் நறுக்கிக் கூடையில் கிடந்தது. ஒரு ஆளின் வேலை போல இல்லை. என்னிடம் மாவு அரைக்க முனியம்மாவும் தண்ணீர் இழுக்கக் கோபாலும் இருந்தார்கள். அவர்கள்தான் கைகொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டேன்.

உச்சி வெயில் நேரத்தில் முனியம்மா என்னைத் தேடி வந்தாள். சுலபத்தில் பயப்படுகிறவள் அல்ல அவள். குடித்துவிட்டு வந்த புருஷனை அம்மிக் குழவியைக் காட்டி விரட்டியவள்.

“மேஸ்திரி, அந்த ஆளு யாருகிட்ட பேசிகினு கீறான்?”

“தனக்குத்தானே பேசுவான். சமையல்காரனுங்க எல்லாருக்கும் அது உண்டு.”

“தனக்குத்தானே பேசறவன் பதில் வர்ற வரைக்கும் காத்துகினு இருப்பானா?” என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பொகைக்குள்ள யாரோ ‘பாவா’ன்னு கூப்ட்டாங்க. கோபாலும் கேட்டான். உள்ள தெலுங்கு பேசற ஆளே இல்லியே.”

அவளைச் சமாதானப்படுத்தவே நான் உள்ளே போனேன். கூரை ஓட்டை வழியாக வெயில் விழுந்து, புகை கம்பம் கம்பமாக நின்றது. கன்னியப்பன் என்னைக் கவனிக்கவில்லை. “ஏழுமலை, கொஞ்சம் தள்ளு” என்றான். சற்று நின்று, தள்ளினான் என்று தெரிந்த பிறகு நடப்பவனைப் போல நடந்தான். நான் பார்த்துக்கொண்டே உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். வழியில் ஒதுங்கி நின்று எதிரே வந்தவருக்கு இடம் விட்டேன். அவர் போன பிறகு நடந்தேன். வாசலுக்கு வந்த பிறகுதான், எதிரே யாரும் வரவில்லை என்பது எனக்கு உறைத்தது. ஜாடியை வாசலிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பந்தி முடிந்து வேலையாட்கள் சாப்பிடுகிற நேரம். கன்னியப்பன் சுவரோரமாக ஐந்து இலை போட்டான். நாலு இலைக்குச் சோறும் குழம்பும் பரிமாறினான். “ரத்தினம், வெக்கப்படாம சாப்புடு” என்றான். தன் இலையில் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் எழுந்திருக்கிற வரை காத்திருந்தான். பிறகு சோற்றோடு இலைகளை மடித்துக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டான். அரிசி கிடைக்காத அந்தக் காலத்தில், பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் அதைத் திட்ட வாய் வரவில்லை.

சாயங்காலத்துக்குள் விஷயம் முதலாளிக்குப் போய்விட்டது. அவர் நெற்றி நிறைய விபூதியோடு என்னிடம் வந்தார்.

“மேஸ்திரி, அவனை இப்பவே அனுப்பிடு. திருவிழா நாளும் அதுவுமா இன்னா கர்மம் இது?”

“அனுப்பிடலாங்க. நாளைக்குச் சோறு வடிக்கிறது நீங்களா, நானா?”

முனியம்மாவும் கோபாலும், அவன் இருந்தால் நாளைக்கு நாங்கள் வரமாட்டோம் என்றார்கள். அவனை அனுப்பினால் சமையல் இல்லை. வைத்துக்கொண்டால் வேலையாள் இல்லை. கிருத்திகைக் கூட்டம் நகரியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மலை முழுக்க அரோகரா சத்தம்.

அப்போதுதான் அலமேலு வந்தாள். காவடிக் கூட்டத்தோடு வந்தவள். கழுத்தில் தாலி இல்லை. கன்னியப்பனின் தங்கை என்று சொன்னாள். பின்கட்டுக் கதவருகே நின்றுகொண்டே பேசினாள்.

“எங்க அண்ணன் உங்ககிட்ட வேலைக்கு வந்திருக்கான்னு கேள்விப்பட்டேங்கண்ணா. செட்டு பேரைச் சொன்னானா?”

“சொன்னான். முனுசாமி, ஏழுமலை, ரத்தினம், தசரதன்.”

“கடைசியா சொன்னீங்களே, அவருதான் எங்க வூட்டுக்காரரு” என்றாள்.

மீதிக் கதையையும் அவளே சொன்னாள். நாலு பேரும் ஒரே ஊர். கன்னியப்பன்தான் ஊரில் பேசி, பெற்றவர்களிடம் பொறுப்பேற்று அவர்களை ரங்கூனுக்கு அழைத்துப் போனான். குண்டு விழுந்த பிறகு ஐந்து பேரும் சேர்ந்தே நடந்தார்கள். மலைப்பாதையில் காய்ச்சல் கண்டது. நாலு பேரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“‘நான் முன்னாடி போயி சோறாக்கி வெக்கிறேன், நீங்க பின்னாடி வாங்க’ன்னு சொல்லிட்டு இவன் போயிருக்கான். ஒரு கேம்ப்புல கையில காலுல வுழுந்து அரிசி வாங்கி ஆக்கி வெச்சிகினு ஒக்காந்திருக்கான். யாரும் வரல. வழியில வந்தவங்க சொன்னாங்க, மரத்தடியில நாலு பேரு செத்துக் கெடக்கறாங்கன்னு. இவன் நம்பல.” கதவைப் பிடித்துக்கொண்டாள். “எங்க வூட்டுக்காரரு இவனை மச்சான்னு சொல்லாம, தெலுங்குல பாவான்னுதான் கூப்புடுவாரு.”

முனியம்மா சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. கோபாலும் சொல்லியிருக்க முடியாது.

“அண்ணா, அவனை அனுப்பிடாதீங்க” என்றாள் அலமேலு. “வேலை இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆவாது. வேலை முடிஞ்சி எல்லாரும் கலைஞ்சிட்டா, ‘அவங்க கூப்புடறாங்க’ன்னு தண்ணிகிட்ட போயிடறான். காஞ்சிபுரத்துல ஒரு தடவை கொளத்துலேர்ந்து தூக்கினாங்க. இன்னொரு தடவை யாரு தூக்குவாங்க?”

இப்போது என் பிரச்சினை சோறு மட்டும் இல்லை என்றாகிவிட்டது. திருவிழா முடிகிற அன்று ஊரே பொய்கைக் கரையில் தெப்பம் பார்க்க நிற்கும். அந்தக் கூட்டத்தில் ஒருவன் தண்ணீரில் இறங்கினால் குளிக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

முனியம்மாவையும் கோபாலையும் கூப்பிட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஆட்களிடம் பாதி சொல்லிப் பாதி மறைத்தால் மீதியை அவர்களே கட்டிக்கொள்வார்கள், அது எப்போதும் உண்மையைவிட மோசமாக இருக்கும். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. முனியம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நம்ம ஜில்லாப் பசங்கதானே. இருந்துட்டுப் போவட்டும். என் ஒரல் பக்கம் மட்டும் வர வேணாம்னு சொல்லிடுங்க” என்றாள்.

உரலையும் காய் நறுக்குவதையும் பின்கொட்டகைக்கு மாற்றினேன். அடுப்புக் கூடம் முழுவதையும் கன்னியப்பனிடம் விட்டேன். பாத்திரங்களை வாசலில் வைத்து வாங்கிக்கொண்டோம். ஆனால் சோற்று அண்டாவை இறக்க இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். வளையத்தில் மூங்கில் கழியைச் செருகித் தூக்க வேண்டும். அதற்கு யாரும் முன்வரவில்லை. ஆளை எடுத்தவன் நான். ஆகவே நானே போனேன்.

கிருத்திகை நண்பகல். வெளியே பம்பை அடிக்கிற சத்தத்தில் சுவர் அதிர்ந்தது. கன்னியப்பன் கழியின் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையை நான் பிடித்தேன்.

“மேஸ்திரி, நீங்க எதுக்கு? அந்தப் பக்கம் முனுசாமி புடிச்சிகினு கீறான். நீங்க வுட்டுடுங்க.”

“பரவால்ல, நானும் பிடிக்கிறேன்.”

தூக்கினோம். அண்டா எழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கனத்துக்குக் காத்திருந்தேன். கனம் வரவில்லை. மூட்டை அரிசி வெந்த அண்டா அது. வெறும் கழியைப் பிடித்திருப்பது போல என் கைகள் லேசாக இருந்தன. கழியோ கொஞ்சமும் சாயாமல் மட்டமாக நின்றது. என் புறங்கைக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது போல இருந்தது. அந்த அனலில் அது குளிர்ச்சியாக இருந்தது.

கையை எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எடுக்கவில்லை. தைரியம் இல்லை. நான் பேய் பிசாசை நம்புகிறவன் அல்ல. பயத்தில் எனக்கே பலம் கூடியிருக்கலாம். அண்டா இறங்கியதும் நான் பாட்டுக்குப் பந்திக்கு வந்து, இலையில் தண்ணீர் தெளிக்கச் சொல்லி யாரையோ அதட்டினேன். அன்று ஒரு காவடி ஆள்கூடப் பசியோடு போகவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான் போயிற்று. கடைசித் தெப்பத்தன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து அடுப்பை அணைத்தோம். பொய்கைப் பக்கம் மேளம் கேட்க ஆரம்பித்தது. கன்னியப்பன் கைகால் கழுவிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

“மேஸ்திரி, அனுப்பி வெக்கிறீங்களா? பசங்க போலாம்னு அவசரப்படறாங்க.”

செட்டைக் கலைப்பதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. மேஸ்திரி சமையல் கட்டு வாசலில் நின்று ஒவ்வொருவனாகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட பிறகுதான் அவன் படி தாண்டுவான். அடுப்பு அணைந்து ஒரு நாள் ஆனாலும் கூப்பிடாதவன் நம் ஆள்தான். தலைவனைக் கடைசியில் கூப்பிட வேண்டும்.

அந்த நாலு பேரையும் யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை என்பது அப்போதுதான் என் புத்தியில் பட்டது. ரங்கூன் ஓட்டல்காரன் குண்டுக்குப் பயந்து எங்கே ஓடினானோ. கன்னியப்பன் வாங்கித் தந்த வேலையிலேயே அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலும் பெயர் கூப்பிடாமலே செட்டைக் கலைத்திருப்பார்கள். நான் சரியாகத்தான் யோசிக்கிறேனா, பயத்தில் உளறுகிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. யாரையும் கேட்கவும் நேரம் இல்லை. வாசலில் போய் நின்றேன். படிக்கு வெளியே அலமேலு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் முனியம்மா.

“முனுசாமி” என்று கூப்பிட்டேன்.

கூப்பிட்டுவிட்டேனே தவிர, அடுத்து என்ன சொல்வது என்று திகைத்துவிட்டேன். எந்த வேலையாளையும் போய்வா என்றுதான் அனுப்புவேன். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். இவனிடம் போய்வா என்று எப்படிச் சொல்வது?

“முனுசாமி, வேலை முடிஞ்சிது. நல்லா செஞ்சே. போ.”

பிறந்ததிலிருந்து நான் யாரையும் அப்படி வழியனுப்பியதில்லை. நாக்கு கசந்தது. கொஞ்சம் இடம் விட்டு ஏழுமலையைக் கூப்பிட்டேன். ரத்தினத்தைக் கூப்பிட்டேன். கன்னியப்பனின் கண் ஒவ்வொரு முறையும் அடுப்பிலிருந்து படி வரைக்கும் மெதுவாக வந்தது.

“தசரதா, வேலை முடிஞ்சிது. போப்பா.”

வெளியே அலமேலு சட்டென்று புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள். பிறகு அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உள்ளே புகை இல்லை. அடுப்புகள் அணைந்திருந்தன. அந்த இடம் அவ்வளவு பெரியது என்பதை நான் அதற்கு முன்னால் கவனித்ததில்லை.

கன்னியப்பன் என் முன்னால் வந்து கைகட்டி நின்றான். பொய்கையில் வேட்டு வெடித்தது. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

“மேஸ்திரி, என் பேரு?”

“உன் பேரை நான் கூப்பிடப் போறதில்ல.”

“அவங்க போறாங்களே” என்றான். “வழி தெரியாதுங்க அவங்களுக்கு. நான்தானே இட்டுகினு வந்தேன்.”

“அவங்களை அனுப்பினது நான். இனிமே அது என் பொறுப்பு. நாளைக்குக் காலையில ஓட்டல்ல இட்லி போட ஆள் இல்ல கன்னியப்பா. உன்னை நான் இன்னும் விடல.”

நான் வாசலை மறைத்துக்கொண்டு நின்றேன். தள்ளிக்கொண்டு போனால் என்னால் தடுக்க முடிந்திருக்காது. அவன் திரும்பிக் கூடத்தின் மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“ஒத்தையாவா?” என்று கேட்டான்.

“ஆங்” என்றேன். “ஒத்தையாத்தான்.”

அவன் படியின் மேல் உட்கார்ந்து, தலையில் கைவைத்துக்கொண்டு அழுதான். அலமேலு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நகரவில்லை. பொழுது சாயத் தொடங்கிய பிறகு அவன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“அப்ப உளுந்து இப்பவே ஊறணும் மேஸ்திரி” என்றான்.